ஐயாயிரம் பேர் ஊரின் கால்பந்துக் கழகம்: கிளாக்ஸ்விக் ஐரோப்பா வரை போனது எப்படி?

கேள்வி இது: "ஃபரோ தீவுகளின் மொத்த மக்கள்தொகையே 54 ஆயிரத்தைச் சுற்றித்தான். அதில் ஐயாயிரம் பேர் வாழும் ஒரு மீன்பிடி ஊரின் கழகம் 2023-இல் ஹங்கேரி சாம்பியனையும் சுவீடன் சாம்பியனையும் வெளியேற்றிவிட்டு ஐரோப்பியப் போட்டியின் குழுச் சுற்றில் ஆடியது. இது அதிர்ஷ்டமா, யாரோ கொட்டிய பணமா, இல்லை அந்த ஊரிலேயே ஏதாவது இருக்கிறதா?"

மூன்றும் இருக்கிறது. ஆனால் மூன்றாவதுதான் பெரிய பங்கு என்பது என் உறுதியான எண்ணம். 2023-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது. 2010-இல் இதே கழகம் தன் நாட்டின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தொடங்கினால்தான் கதை பிடிபடும். அதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், வட அட்லாண்டிக்கில் பதினெட்டுத் தீவுகள். டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடு. தலைநகர் டோர்ஸ்ஹாவ்ன். அதற்கு அடுத்த பெரிய ஊர் வடக்கே போரோய் தீவில் உள்ள கிளாக்ஸ்விக். இரண்டு கடல் நுழைவாய்கள் இருபக்கமும் உள்ளே வந்து கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் ஒரு குறுகலான நிலத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்குத்தான மலை, அதன் அடியில் தண்ணீர். நான்கு சிறு பண்ணைக் குடியிருப்புகளாக இருந்த இடம் இது. 1856-இல் அரச வணிக ஏகபோகம் ஒழிந்த பிறகு மீன்பிடித் தொழிலால் வளர்ந்து ஒரே ஊராகச் சேர்ந்தது. இன்றும் மீன்தான் அதன் பிழைப்பு. 1963-இல் கட்டிய தேவாலயத்துக்குள் போனால், முன்பு பாதிரியார்கள் தீவு விட்டுத் தீவு போகப் பயன்படுத்திய பழைய துடுப்புப் படகு ஒன்று கூரையிலிருந்து தொங்குவதைப் பார்க்கலாம். எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகு. கடலை நம்பி வாழ்ந்தவர்கள் அதைத் தங்கள் கோயிலுக்குள்ளேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வீம்பும் அதிகம். 1950-களின் தொடக்கத்தில் கிளாக்ஸ்விக் மருத்துவமனையில் ஓலாஃப் ஹல்வோர்சன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். மருத்துவர் சங்கத்தோடு அவருக்குத் தகராறு. அவரை மாற்ற வேண்டும் என்றது நிர்வாகம். ஊர் மக்களோ எங்களுக்கு இவர்தான் வேண்டும் என்று நின்றார்கள். மாற்று மருத்துவரை ஊருக்குள் விடவே இல்லை. 1955-இல் டென்மார்க்கிலிருந்து போலீஸ் வந்தது, பிறகு போர்க்கப்பலே வந்தது. சில ஆயிரம் பேர் கொண்ட ஊர், ஒரு மருத்துவருக்காக ஓர் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றது. அந்த மருத்துவரின் பக்கம் நியாயம் எவ்வளவு என்பது வேறு விவாதம். எங்கள் விஷயத்தை நாங்களே முடிவு செய்வோம் என்ற அந்தக் குணத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கால்பந்திலும் அது வரும்.

கழகத்தின் பெயர் கே.ஐ. கிளாக்ஸ்விக். 1904 ஆகஸ்டில் தொடங்கியது. நீலமும் வெள்ளையும் நிறம். டோர்ஸ்ஹாவ்னின் பெரிய கழகமான எச்.பி. தொடங்கியது அதே ஆண்டு அக்டோபரில். அதாவது தலைநகரத்தைவிட இவர்கள் சில வாரங்கள் மூத்தவர்கள். அதைவிடப் பழையது தெற்கே சூவுரோய் தீவின் ட்வோரோய்ரி ஊர்க் கழகம், 1892. தேசிய லீக் 1942-இல் தொடங்கியது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; தீவுகள் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தன. அந்த முதல் பட்டத்தை வென்றது கே.ஐ. 1944-இல் லீக் நடக்கவே இல்லை. காரணம், ஆடுவதற்குப் பந்து கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் பந்து இறக்குமதி நின்றுபோனால் ஒரு நாட்டின் லீக்கே நின்றுபோகும் அளவுக்குத்தான் அன்று எல்லாமே இருந்தது.

ஃபரோ கால்பந்தைப் புரிந்துகொள்ள மைதானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 62 டிகிரி வடக்கில் இருந்தாலும் வெப்பக் கடல் நீரோட்டத்தால் அங்கே கடும் உறைபனி கிடையாது. குளிர்காலத்தில் சராசரி மூன்று, நான்கு டிகிரி, கோடையில் பதினொன்று. ஆனால் மழையும் காற்றும் ஓய்வதே இல்லை. டிசம்பரில் பகல் வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான். மலைச்சரிவில் சமதரை கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்திலும் புல் நிற்காது, சேறாகிவிடும். அதனால் அந்தக் காலத்தில் சரளைத் தரையில் ஆடினார்கள், முழங்கால் தோல் உரிய. 1990 செப்டம்பரில் ஃபரோ தேசிய அணி தன் முதல் ஐரோப்பியத் தகுதி ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1–0 என்று வென்றதே, அது நடந்தது சுவீடனின் லான்ஸ்க்ரோனா நகரில். சொந்த நாட்டில் சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற புல் மைதானம் ஒன்றுகூட இல்லை. கோல் அடித்த டோர்கில் நீல்சன் மர வியாபாரக் கடை ஊழியர். கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் குனுட்சன், குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்றார். உலகமே அந்தத் தொப்பியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு புல் மைதானம் எங்கே வந்தது தெரியுமா? டோஃப்டிர் என்ற, ஆயிரம் பேர்கூட இல்லாத கடலோர ஊரில். ஊருக்கு மேலே இருந்த பாறை மேட்டை உடைத்துச் சமப்படுத்தி, ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு பேர் உட்காரும் அளவுக்கு மைதானம் கட்டினார்கள். பல ஆண்டுகள் தேசிய அணி அங்கேதான் ஆடியது. அந்தச் சிற்றூரின் கழகமான பி68 மூன்று முறை தேசிய சாம்பியன்: 1984, 1985, 1992. கிளாக்ஸ்விக்கைப் பற்றிக் கேட்டவருக்கு டோஃப்டிரைச் சொல்வது ஏனென்றால், இந்த நாட்டில் 'சிறிய கழகம்' என்றால் கிளாக்ஸ்விக் நினைவுக்கே வராது. அங்கே அது பெரிய கழகம்.

உண்மையான மாற்றம் செயற்கைப் புல்லால் வந்தது. சர்வதேசக் கால்பந்து அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, அவற்றின் நிதியும் உள்ளூர் நகராட்சிப் பணமும் சேர்ந்து ஊருக்கு ஊர் செயற்கைப் புல்தரையும் மின்விளக்கும் வந்தன. இருட்டிலும் மழையிலும் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பயிற்சி எடுக்கலாம் என்றானது. சேற்றில் பந்தை உயரத் தூக்கி உதைப்பதுதான் வழி என்றிருந்த ஆட்டம், தரையோடு பாஸ் செய்யும் ஆட்டமாக மாறியது. 2023-இல் புடாபெஸ்ட்டில் ஆடியவர்களில் உள்ளூர்ப் பையன்கள் எல்லாம் இந்தத் தரையில் வளர்ந்த தலைமுறை. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முதல் காரணமாகத் தெரிகிறது.

இனி ஊருக்கும் கழகத்துக்கும் உள்ள உறவு. கழகம் என்பது தனி முதலாளியின் சொத்து இல்லை; உறுப்பினர்களின் சங்கம். முதல் அணிக்குக் கீழே ரிசர்வ் அணி, அதற்கும் கீழே இன்னோர் அணி, பெண்கள் அணி, வயதுவாரியாகச் சிறுவர் சிறுமியர் அணிகள். பெரிய கழகங்களின் ரிசர்வ் அணிகள் கீழ் டிவிஷன்களில் மற்ற ஊர்களின் முதல் அணிகளோடேயே மோதும். ஐயாயிரம் பேரில் இத்தனை அணிகளுக்கும் ஆள் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ ஒரு வகையில் கழகத்தோடு தொடர்பில்லாத வீடு கிளாக்ஸ்விக்கில் அநேகமாக இருக்காது. ஆடுகிறவர், ஆடி ஓய்ந்தவர், பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடுகிறவர், ஆட்டநாளில் காப்பி ஊற்றுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் என்று எல்லாம் அதே ஆட்கள். குனோய், வீயோய் தீவுகளிலிருந்து கடல்மேல் போட்ட கரைச்சாலைகள் வழியாகப் பிள்ளைகள் கிளாக்ஸ்விக்குக்குத்தான் வருவார்கள். ஆக, வடதீவுகள் முழுக்க ஒரே கழகம்தான்.

2023 அணியிலும் பலருக்குப் பகலில் வேறு வேலை இருந்தது. வேலை முடிந்து பயிற்சிக்கு வருவார்கள். ஐரோப்பிய ஆட்டத்துக்கு வெளிநாடு போக வேண்டும் என்றால் லீவு சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் அணிக்காரரைத் திங்கட்கிழமை கடையிலோ துறைமுகத்திலோ பார்த்து, நேற்று அந்தப் பந்தை ஏன் விட்டாய் என்று நேரிலேயே கேட்கலாம். பெரிய நாடுகளில் ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே எழும்பியிருக்கும் மதில் இங்கே கிடையாது. இது சுகம் மட்டும் இல்லை, சுமையும்தான். மோசமாக ஆடியவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு, முதல் அணியில் ஆடுவது என்பது எட்டாத கனவாக இருக்காது. பக்கத்து வீட்டு அண்ணன் செய்கிற காரியம் அது.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லாமல் கே.ஐ. பற்றிப் பேசுவது அநியாயம். 2000 முதல் 2016 வரை தொடர்ந்து பதினேழு ஆண்டுகள் தேசிய சாம்பியன் பட்டம் கிளாக்ஸ்விக் பெண்களிடமே இருந்தது. ஃபரோ தேசிய அணிக்காக அதிக கோல் அடித்த ரன்வா அந்திரியாசன் இந்தக் கழகத்துக்காரர். ஆண்கள் அணி பட்டமே இல்லாமல் தவித்த ஆண்டுகளில் கழகத்தின் பெயரை ஐரோப்பியப் போட்டிகளில் ஆண்டுதோறும் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். 2023-ஐப் பற்றிய செய்திகளில் இவர்களுக்கு ஒரு வரி இடம்கூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆண்கள் அணி தவித்தது என்றேன். 1999-இல் பட்டம் வென்ற பிறகு இருபது ஆண்டு வறட்சி. பின்னணியையும் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் மீன்வளம் சரிந்து, வங்கிகள் கவிழ்ந்து, நாட்டில் சுமார் பத்தில் ஒருவர் வெளியேறினார்கள். அந்த அடியிலிருந்து மீன்பிடி ஊர்கள் எழ நாளானது. வேலையும் ஆட்டக்காரர்களும் டோர்ஸ்ஹாவ்ன் பக்கம் நகர்ந்தன. 2009 சீசன் முடிவில் கே.ஐ. கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. நாட்டின் முதல் லீக்கையே வென்ற கழகம் 2010-இல் சிற்றூர் அணிகளோடும் மற்றவர்களின் ரிசர்வ் அணிகளோடும் ஆடியது. ஒரே ஆண்டில் திரும்பி மேலே வந்தார்கள்.

இடையில் 2006-இல் ஒன்று நடந்திருந்தது. லேர்விக்குக்கும் கிளாக்ஸ்விக்குக்கும் நடுவே கடலுக்கடியில் ஆறு கிலோமீட்டர் சுரங்கச்சாலை திறந்தார்கள். அதுவரை படகுதான். 2020 டிசம்பரில் இன்னொன்று: எஸ்டுரோய் தீவையும் தலைநகரத் தீவையும் இணைக்கும் 11 கிலோமீட்டர்ச் சுரங்கம், கடலுக்கடியில் ஒரு ரவுண்டானாவோடு. தலைநகரத்துக்குப் போக 68 நிமிடம் ஆனது 36 நிமிடமானது. தலைநகரில் படித்துக்கொண்டே, வேலை பார்த்துக்கொண்டே கிளாக்ஸ்விக்குக்கு ஆட இப்போது முடியும். வெளியூர் ஆட்டக்காரரையும் கூப்பிட முடியும். ஊரைவிட்டுப் போனால் கழகத்தையும் விட்டுப் போவது என்ற பழைய நிலை தளர்ந்தது.

களத்தில் கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர் மிக்கியால் தாமசன் என்ற ஃபரோ பயிற்சியாளர். அவர் காலத்தில் 2016-இல் தேசியக் கோப்பை, 2019-இல் இருபதாண்டுக்குப் பிறகு லீக் பட்டம், மீண்டும் 2021, 2022. 2020-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் ஜார்ஜியாவின் டினாமோ டிபிலிசியை 6–1 என்று அடித்தார்கள். அதற்கு அடுத்த பிளேஆஃபில் அயர்லாந்தின் டண்டாக்கிடம் தோற்றார்கள். புடாபெஸ்ட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்னாலேயே மணி அடித்தாயிற்று, வெளியே யாருக்கும் கேட்கவில்லை. தாமசன் பிறகு நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்டாட் அணிக்குப் போய், அதை முதல் டிவிஷனுக்கு ஏற்றி, 2024-இல் நார்வே கோப்பையையும் வென்றார். ஆக அவர் திறமை ஒரு சிறு குளத்துக்கு மட்டுமானதாக இருக்கவில்லை.

இப்போது 2023. பொறுப்பில் நார்வேக்காரர் மாக்னே ஹோசத். சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றில் எதிரி ஃபெரென்ஸ்வாரோஸ், ஹங்கேரியின் மிகப் பெரிய கழகம். அவர்கள் மைதானத்தில் இருபதாயிரத்துக்கு மேல் உட்காரலாம். கிளாக்ஸ்விக் ஜனம் முழுவதும் வந்தாலும் கால்வாசி நிரம்பாது. ஃபரோவில் முதல் ஆட்டம் 0–0. புடாபெஸ்ட்டில் 3–0, கிளாக்ஸ்விக்குக்கு! ஆர்னி ஃபிரெட்ரிக்ஸ்பர்க் இரண்டு, ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த லூக் காசி ஒன்று. மறுநாளே ஃபெரென்ஸ்வாரோஸ் தன் பயிற்சியாளர் செர்செசோவை வீட்டுக்கு அனுப்பியது.

அடுத்து சுவீடன் சாம்பியன் ஹேக்கன். ஊரில் 0–0, கோத்தென்பர்க்கில் கூடுதல் நேரம் வரை போய் 3–3, பெனால்டியில் கிளாக்ஸ்விக் வென்றது. விதிமுறையும் உதவியது, அது இந்த இடத்தில்தான். சாம்பியன்களுக்கான பாதையில் இரண்டு சுற்று தாண்டிவிட்டால், பிறகு தோற்றாலும் ஒரு படி கீழே உள்ள போட்டிக்கு இறக்கிவிடுவார்கள். வெளியே தள்ள மாட்டார்கள். ஆகவே ஹேக்கனை வென்ற அந்தப் பெனால்டியிலேயே குழுச் சுற்று உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நார்வேயின் மோல்டேயை ஊரில் 2–1 என்று வென்றும் அவர்கள் ஊரில் கூடுதல் நேரத்தில் 0–2 என்று தோற்றார்கள். மோல்டே, ஹோசத் தானே பல ஆண்டு ஆடிய கழகம். பிறகு யூரோப்பா லீக் பிளேஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃப் டிராஸ்போலிடம் 1–1, 1–2. இரண்டு தோல்விக்குப் பிறகும் கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றில் இடம். அந்த மூன்றாம் நிலைப் போட்டியே 2021-இல்தான் பிறந்தது. பத்து ஆண்டு முன்னால் இதே ஆட்டத்தை ஆடியிருந்தால் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு வந்திருப்பார்கள். இது அதிர்ஷ்டம் என்றால் அதிர்ஷ்டம். ஆனால் ஃபெரென்ஸ்வாரோஸையும் ஹேக்கனையும் விதிமுறை வெல்லவில்லை.

குழுவில் லீல், ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, ஒலிம்பியா லியூப்லியானா. சொந்த ஊர் மைதானம் விதிப்படி போதாது என்பதால் 'சொந்த' ஆட்டங்கள் டோர்ஸ்ஹாவ்னில் நடந்தன. அங்கே பிரான்ஸின் லீலை 0–0 என்று நிறுத்தினார்கள், ஒலிம்பியாவை 3–0 என்று வென்றார்கள். நான்கு புள்ளிகள், கடைசி இடம். குழுச் சுற்றில் ஆடிய முதல் ஃபரோ கழகம். அதே ஆண்டு உள்நாட்டு லீக்கையும் வென்றார்கள், 21-ஆவது முறையாக.

பணத்துக்கு வருவோம். யாரும் வெளியிலிருந்து கொட்டவில்லை, ஆட்டம்தான் கொட்டியது. குழுச் சுற்றில் கால் வைத்ததற்கே 29.4 லட்சம் யூரோ. வெற்றிக்கும் டிராவுக்கும் தனி. தகுதிச் சுற்றில் தோற்று வெளியேறும் சிறு நாட்டுக் கழகத்துக்குக்கூட லட்சக்கணக்கில் வரும். ஃபரோ லீக்கில் பத்து அணிகள்தான். அதில் ஐரோப்பா போகிற மூன்று நான்கு அணிகள் அந்தப் பணத்தில் முழுநேர ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்கின்றன. போகாதவை தன்னார்வலர் உழைப்பிலும் உள்ளூர் விளம்பரத்திலும் ஓடுகின்றன. இந்த இடைவெளிதான் என் கவலை. கிளாக்ஸ்விக்கின் வெற்றியைக் கொண்டாடும்போது, அது பக்கத்து ஊர்களின் நல்ல ஆட்டக்காரர்களைத் தன்பக்கம் இழுக்கும் காந்தமாக மாறுவதையும் சொல்லத்தான் வேண்டும். சுரங்கச்சாலை இரண்டு திசையிலும்தான் ஓடுகிறது.

சிறிய ஊர்கள் இதற்குக் கண்ட வழி ஒன்றுசேர்வது. எஸ்டுரோய் தீவின் ஐயி ஊர்க் கழகமும், நீரிணைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரேமோய் தீவிலிருந்த ஸ்ட்ரேமூர் கழகமும் 1993-இல் இணைந்தன. இரண்டு தீவு, ஒரு பாலம், ஒரு கழகம். 2008-இலும் 2012-இலும் அந்தக் கூட்டுக் கழகம் தேசியப் பட்டம் வென்றது. ஐயியின் பழைய மைதானம் கடலை ஒட்டிக் கிடக்கிறது, இப்போது அங்கே சுற்றுலாக்காரர்கள் கூடாரம் அடிக்கிறார்கள். ஊருக்கென்று தனி அணி என்ற பெருமையை விட்டுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. தாத்தா காலத்துப் பகையாளியோடு ஒரே சட்டை போட வேண்டும்.

இப்படி இணைந்த இன்னொன்று வீக்கிங்குர். ஆறு முறை சாம்பியனான கோட்டா ஊர்க் கழகமும், கிளாக்ஸ்விக் சுரங்கத்தின் மறுமுனையில் இருக்கும் லேர்விக் ஊர்க் கழகமும் 2008-இல் ஒன்றானதால் பிறந்தது. இரண்டு ஊரும் சேர்ந்தாலும் கிளாக்ஸ்விக்கில் பாதி ஜனம் இருக்காது. ஐரோப்பியப் பணம் கே.ஐ.-யின் கைக்கு வந்த அடுத்த சீசனில், இனி பத்தாண்டுக்கு லீக் அவர்கள் சொத்துதான் என்று பலர் நினைத்திருக்கக்கூடும். 2024 பட்டத்தை வென்றது வீக்கிங்குர். கிளாக்ஸ்விக் இரண்டாவது இடம்.